அரைக்கால்

லெனின்கிராட், நவம்பர் கடைசி.
மைக்கூடு உறைந்துவிட்டது.
ரொட்டிக்கடைக் கணக்கைப் பென்சிலில் எழுதுகிறேன்.

என் மணிச்சட்டத்தில்
நாலே மணி கோத்த கம்பி ஒன்று உண்டு.
அதற்கு மேலே கிலோ, கீழே கிராம்.
தாளில் அந்த இடத்தில் காற்புள்ளி வைப்போம்.
பள்ளியில் அதை நான் பொருட்படுத்தியதில்லை,
ஈ உட்கார்ந்த கறை மாதிரி இருக்கும்.
இப்போது அது ஓரிடம் தள்ளி விழுந்தால்
ஒரு தெருவுக்கே சோறில்லை.

அக்டோபரில் தலைக்கு 0,2.
ஒரு கிலோவை அதனால் வகுத்தால் ஐந்து பேர்.
இன்று தலைக்கு 0,125.
வகுத்தால் எட்டு.
எண் வளர்ந்துவிட்டது,
ரொட்டி அதே ரொட்டி,
அதிலும் பாதி உமி.

பெருக்கினால் பெருகும் என்றுதானே பெயர்?
480 அட்டைகள் என் கடையில்.
நானூற்றெண்பது பேரும்
0,125 என்ற கதவுக்குள் நுழைந்து
அறுபதாக வெளியே வருகிறார்கள்.
அறுபது கிலோ. சறுக்குவண்டியில், சாக்கு மூடி.

பியானோ சொல்லித் தந்த அக்லாயா ல்வோவ்னா
இரண்டு அட்டை நீட்டுவாள்,
தனக்கொன்று, தங்கை வேராவுக்கொன்று.
இரண்டு அரைக்கால், ஒரு கால்.
என் கத்தியைப் பார்க்கமாட்டாள்,
தராசு முள்ளையே பார்ப்பாள்.
முள் நிமிரும்வரை
நகக்கண் அளவு துணுக்கு ஒன்று சேர்ப்பேன்.
கொசுறு இல்லை அது, அவர்கள் பங்கு.
அதைக் கையுறைக்குள் போட்டுக்கொள்வாள்:
"வேராவுக்கு."

பிப்ரவரி. பங்கு கூடிவிட்டது, 0,25.
வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்,
யாரோ சிரித்தார்கள்.
ஒன்றை வகுத்தால் நாலு.
விடை சுருங்கியதற்கு
மனிதர்கள் அழுது மகிழ்ந்ததை
அன்றுதான் பார்த்தேன்.

மாதம் பிறந்தது, புது அட்டைகள்.
பழக்கத்தில் 480 என்று எழுதிப் பெருக்கி
நூற்றிருபது கிலோ கேட்டிருந்தேன்.
கிடங்கிலிருந்து தொண்ணூறு வந்தது,
கோபத்தோடு உட்கார்ந்து வகுத்தேன்.
360.
அட்டைகளை எண்ணினேன்.
360.
எங்காவது புள்ளி பிசகியிருக்கும் என்று
மறுபடி போட்டேன்.
பிசகவில்லை.

அக்லாயா ல்வோவ்னா வந்தாள்.
ஓர் அட்டை.
வெட்டி வைத்தேன். முள் நடுங்கி நின்றது
எப்போதும் நிற்கும் அதே கோட்டில்.
அதே கால் கிலோ.
ஒரு கிராம்கூட மாறவில்லை.

துணுக்கை எடுத்துக் கையுறைக்குள் போட்டாள்.
கதவு வரை போனாள்.
பிறகு அதை வெளியே எடுத்து
அங்கேயே நின்று தின்றாள்.