கொருக்குப்பேட்டை கேட்

மூன்று பள்ளிகளின் கையேடுகள்
ஒரு மாதமாய் எங்கள் ஃபிரிட்ஜ் மேல்.
மூன்றிலும் அதே புல்வெளி,
பூதக்கண்ணாடியில் இலையைப் பார்க்கும்
யாரோ ஒரு பிள்ளை.
அமலதாஸ் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்,
கட்டணம் அங்கே இருக்கும் என்று.
இருப்பதில்லை.
நேரில் வாருங்கள், பேசலாம் என்றிருக்கும்.

இன்டர்நேஷனல்னா என்னப்பா என்று
ரெமி கேட்டதற்கு அவர் சொன்னது:
நான் தினமும் ரசீது போடுற பெட்டிங்கடா.
கொழும்பு, சிங்கப்பூர், ஜெபல் அலி.
ராத்திரி பூரா நம்ம தெருமுனையில நிக்குதே டிரெய்லர்,
அது மேல இருக்கிறது.
உள்ளே என்ன இருக்கு?
எனக்கும் தெரியாது. சீல் வெச்சுதான் வரும்.

மணலி சாலையில், முன்பு உரக்கிடங்கு இருந்த இடத்தில்
மூன்றாவது பள்ளி.
சனிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
எண்ணெய் வைக்காமல் அவனுக்குத் தலை வாரினேன்.
ஏன் வைக்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

வரவேற்பறையில் குளிர்.
காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று
பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது.
கட்டணத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.
அமலதாஸ் அதன் அருகே போய்
ஆழமாய் ஒருமுறை இழுத்துவிட்டு வந்தார்.
கிடைத்தவரை லாபம்.

படிவம், பக்கம் மூன்று:
வீட்டில் பேசும் மொழி.
தமிழ் என்று எழுதினேன்.
கோட்டில் இன்னும் இடம் மிச்சமிருந்தது,
எந்தத் தமிழ் என்று கேட்பதுபோல.

சேர்க்கை அலுவலர் பெயர் ஹேமப்ரியா.
கழுத்தில் நாடா, சொற்களுக்கு நடுவே
அளந்து விட்ட இடைவெளி.
ஒரு பட அட்டையை நீட்டி
இது என்ன என்றார், ஆங்கிலத்தில்.
வழவழத் தாளில், பக்கவாட்டில்,
ஒற்றைக் கண்ணோடு மீன்.

ஃபிஷ்.
முந்தைய இரவு முப்பது தடவை சொல்லி வைத்தது.
அவன் அட்டையை வாங்கினான்.
செவுள் இருக்கும் இடத்தை நகத்தால் தூக்கப் பார்த்தான்.
கண்ணருகே கண்ணைக் கொண்டுபோனான்.
"கண்ணு வெள்ளையா கீது மிஸ்.
ரெண்டு நாள் ஆன மீனு. வாங்காதீங்க."

"ஐய, கரீக்ட்டா சொல்றான் பாரேன்!"

சொன்னது யார்?
நாடாவுக்கு மேலே இருந்த அதே வாய்தான்.
ஒரு நொடி நாங்கள் நான்கு பேரும்
காசிமேட்டு ஏலத்தில், ஈரத் தரையில்
நின்றுகொண்டிருந்தோம்.
பிறகு அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.
குடித்து முடித்தபோது
ஆங்கிலம் திரும்பி வந்திருந்தது.
ரெமிஜியஸ் கூர்ந்து கவனிக்கிறான் என்று
தாளில் ஏதோ குறித்தார்.

நீங்க எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
அந்தக் குரலை மடித்து உள்ளே வைக்க
எத்தனை வருடம் ஆனது, எவ்வளவு செலவானது,
ராத்திரி வீட்டுக்குப் போனதும்
எடுத்து உதறிப் போட்டுக்கொள்வாரா?
படிவத்தில் அதற்கு இடமில்லை.

முதல் தவணை வெள்ளிக்கிழமைக்குள்.
லேபில் ஏழு மாதம் நான்
பிறர் கையில் நரம்பு தேடினால் சேரும் பணம்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
அமலதாஸ் வண்டியின் சாவியைத் திருப்பினார்.
என்ன சொல்ற?
நீங்க சொல்லுங்க.
சேர்த்துடலாம் என்றார்.
அப்புறம், இல்ல, இரு, என்றார்.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டிருந்தது.

துறைமுகத்துப் பக்கமிருந்து சரக்கு ரயில்.
டேங்க் மேல் உட்கார்ந்திருந்த ரெமி எண்ண ஆரம்பித்தான்.
ஒன், டூ, த்ரீ.
ட்வென்டி நைன் வரை தடையில்லை.
அடுத்தது அவனுக்கு வரவில்லை.
ரயில் அதற்காக நிற்கவில்லை.
முப்பது, முப்பத்தொண்ணு என்று
மூச்சு விடாமல் தாவிக்கொண்டான்.
ஒரு பெட்டிகூடத் தவறவில்லை.

நாற்பத்தாறு.
கடைசியில், வாசலில் நாற்காலி போட்டு,
பச்சைக் கொடியை மடியில் வைத்தபடி
கார்டு ஒருவர் போனார்.

அவரையும் சேர்க்கணுமாம்மா என்றான்.

கேட் பாதிதான் ஏறியிருந்தது.
அதற்குள் பின்னால் எல்லோரும்
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.