கதவு எந்தப் பக்கம்

புதுவயலில், அரிசி ஆலைகளுக்குத் தெற்கே
நாலரை சென்ட்.
பத்திரம் பதிந்த ராத்திரியே
காலண்டர் அட்டையின் பின்புறம்
முழு வீட்டையும் கட்டிவிட்டார் சேவுகன்,
மாடிப்படி உட்பட.
நான் ஒரு வருஷம் கேட்டேன்.

ஒரு வருஷம் என்ன பண்ணுவ?
பார்ப்பேன்.
எதை?
மண்ணைத்தான். அங்கே வேறென்ன இருக்கு.

வார்டில் கழித்துப்போட்ட வெள்ளை விரிப்பை
நாலாய்க் கிழித்து
நாலு மூலைக் கல்லிலும் கம்பு நட்டுக் கட்டினேன்.
ஆடியில் மேற்குத் துணி சிவந்தது.
மார்கழியில் வடக்குத் துணி
உமிச்சாம்பலில் கறுத்தே போனது.
அடுப்படி ஜன்னல் வடக்கே வேண்டாம்
என்று நோட்டில் எழுதினேன்,
இரண்டாம் பக்கத்தில்.

ஐப்பசி அடைமழைக்கு
நைட் டூட்டி முடிந்து நேரே அங்கேதான் போனேன்.
ரோட்டுத் தண்ணீர் முழுக்க இறங்கி
ஈசானிய மூலையில் முழங்கால் அளவு.
வாஸ்து பார்ப்பவருக்குப் பரம சந்தோஷம்.
எனக்கு செப்டிக் டேங்க் கவலை.
மூன்று நாள் நின்றது.
நாலாம் நாள் ஒரு கொக்கு மட்டும் நின்றது.

மூன்றடிக்குக் கீழே செம்புறாங்கல்.
கடப்பாரை டங்கென்றது,
இதுக்கு மேல என்னம்மா வேணும் என்றார் தோண்ட வந்தவர்.
அதையும் எழுதினேன்.

இன்ஜினியர் பெண் நாச்சம்மை
வரைபடம் கொண்டுவந்தாள்.
தாளில் எல்லாமே சின்னதாய், அழகாய், சரியாய் இருந்தது.
அதனால் நம்பவில்லை.
இதைத் தரையில் போடு, நிஜ அளவுக்கு, என்றேன்.
சிரித்தாள், போட்டாள்,
சுண்ணாம்புப் பொடியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுவர்கள்.

நடந்து பார்த்தோம்.
பீரோ கதவு கட்டிலில் இடிக்கும்.
நடைவழியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது.
ஸ்ட்ரெச்சரா? என்றார் அவர்.
பத்தொன்பது வருஷமாய்த் தள்ளுகிறேன்,
கைக்குத் தெரியும், திரும்பாது.

பிறகு குளியலறை.
கதவு உள்பக்கமாய்த் திறப்பதாக
கால்வட்டம் ஒன்று போட்டிருந்தாள்.
கண்டனூர் தபால்காரரைச் சொன்னேன்.
உள்ளே விழுந்தவர் கதவோடு சாய்ந்து கிடக்க
தள்ளத் தள்ள அவரைத்தான் தள்ளியிருக்கிறார்கள்,
அவர் மகனும், பக்கத்து வீட்டுக்காரரும்.
கதவைப் பெயர்க்க நாற்பது நிமிஷம்.
எங்களிடம் கொண்டுவந்தபோது
நான்தான் மணி குறித்தேன்.

வானம் தோண்டும் முன்னேயே
வாயில் இதுதான் வருமா என்று
வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.
நாச்சம்மை டேப்பைச் சுருட்டினாள்,
மறுபடி இழுத்தாள், மறுபடி சுருட்டினாள்.

மறுநாள் விடியலில் அவரே கூப்பிட்டார்.
ஆலை எடைமேடைக்குப் போகிற சலவைச் சட்டையோடு
சுண்ணாம்புக் குளியலறையில்
நீட்டிப் படுத்தார்.
நாலடிக்கு ஏழடி.
தலை குழாய்ப் பக்கம், கால் வாசல் பக்கம்.

திற, என்றார்.
இல்லாத கதவைத் தள்ளினேன்.
முட்டியில் இடிக்குது.
கொஞ்சம் மடக்கிக்கங்க.
விழுந்தவன் எங்கடி மடக்குவான்?

யாரும் சிரிக்கவில்லை.
எழுந்து செருப்புக் காலால் கால்வட்டத்தைத் தேய்த்தார்,
ரொம்ப நேரம் தேய்த்தார்.
வெளிப்பக்கமாய் ஒரு வட்டம்
கோணல்மாணலாய் அவரே போட்டார்.

வெளியே திறந்தால் நடைவழி அரையடி கூடணும்,
அதை ஹாலில்தான் எடுக்கணும் என்றாள் நாச்சம்மை.
எடு.
கடன் மனுவில் அளவு மாறும் சார்.
மாத்து.
அவர் முதுகெல்லாம் செம்மண்.
தட்டப் போனேன்,
நேரமாச்சு விடு என்றார்.

எல்லாக் கோட்டையும் அரையடி நகர்த்திப் போட்டதில்
தலைவாசலுக்குப் பொடி பத்தவில்லை.
எதிர்வீட்டில் கோலமாவு வாங்கிப் போட்டோம்,
அசல் பச்சரிசி மாவு.

சாயங்காலம் வந்து பார்த்தேன்.
குளியலறை இருந்தது, அடுப்படி இருந்தது.
தலைவாசலை மட்டும்
எறும்புகள் பாதிக்கு மேல்
தூக்கிக்கொண்டு போயிருந்தன.