முதல் கியர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
சட்டை முதுகோடு ஒட்டியிருக்க
சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்
குழல்வாய்மொழி, என் இளையவள்:
"அப்பா, எஸ் வளைவு பூரா
கால் ஊணாம ஏறிட்டேன்."

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்.
கியர் கிடையாது. செயின் கவர் கடகடவென்று ஆடும்.
தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டேன்:
"அங்க லாரி வருமே, கூறு இருக்கா ஒனக்கு?"
இன்னொன்றும் கேட்டேன்:
"நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னு சொன்னே?"

"ஆமா" என்றாள்.
குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.
அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை.

அன்று ராத்திரி பாவூர்சத்திரத்தில் லோடு.
தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கை,
மேலே கொஞ்சம் தடியங்காய்.
ஓணத்துக்கு நாலு நாள்;
விடியுமுன் கொல்லம் சந்தையில் நிற்க வேண்டும்.
தார்ப்பாயை இழுத்துக் கட்டிய மைதீன் பிச்சை
"ஓவரு லோடு, அண்ணாச்சி" என்றான்.
அது எனக்கும் டயருக்கும் தெரியும்.

புளியறையில் சாரல்.
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது.
முதல் வளைவில் மூன்றாவது கியர் கைவிட்டது,
அடுத்ததில் இரண்டாவது.
பிறகு முதல் கியரில்
முக்கி முனகி
பிள்ளைத்தாய்ச்சி படியேறுகிற மாதிரி
வண்டி.
மைதீன் கட்டையோடு இறங்கி
பின்சக்கரத்தின் கூடவே நடந்து வந்தான்.
நான் ஸ்டியரிங்கைத் தடவினேன்.
"இன்னும் கொஞ்சம், ராசாத்தி" என்றேன்.
"அந்தா, வந்திருச்சு" என்றேன்.
இரும்பிடம் இப்படிப் பேசுவது
இருபத்தாறு வருசப் பழக்கம்.

கோட்டைவாசலில் நிறுத்தி
கருப்பசாமிக்கு ஒரு சிதறுகாய்.
ரேடியேட்டருக்குத் தண்ணீர்,
நம்பர் பிளேட்டுக்குத் திருநீறு.
மைதீன் பானெட்டை ரெண்டு தட்டுத் தட்டி
"கெட்டிக்காரி" என்றான்.
என் வாயில் ஒரு தேங்காய்ச் சில்.
அதைக் கடிக்க முடியவில்லை.

ஒன்பது டன் ஏறியதற்குத் தேங்காய்.
பழையது குடித்துவிட்டு
நாற்பத்தோரு கிலோ ஏறிவந்து சொன்னபோது
மீன் முள்.

ஒரே தடவையில் ஏறியிருக்க மாட்டாள்.
எத்தனை ஞாயிறு? எங்கெங்கே கால் ஊன்றினாள்?
போன மாதம் முழங்கையில் காயம்,
"சும்மா விழுந்தேன்" என்றாளே,
அது எந்த வளைவு?
குழி குழியாக எனக்குத் தெரிந்த ரோட்டில்
என் மகள் பட்ட பாடு ஒன்றுகூடத் தெரியவில்லை.

லோடு இறக்கித் திரும்பும் வழியில்
மைதீனிடம் சொன்னேன். சிரித்தான்.
"நான் பத்தாப்பு பாஸான மார்க் சீட்டுல
வாப்பா கருவாடு பொதிஞ்சாரு, அண்ணாச்சி.
இன்னும் அந்த வாசன வருது."
அப்புறம் ஆரியங்காவு வரைக்கும்
இரண்டு பேரும் பேசவில்லை.
அங்கே நேந்திரங்காய் வறுவல் அரைக் கிலோ வாங்கினேன்.
எப்போதும் வாங்குவதுதான்.

பரீட்சை முடிந்து வந்திருந்தாள்.
அதைக் கேட்கவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்:
"பலாமரத்துக்கிட்ட ரோடு இடப்பக்கம் சரியுமே,
எனக்கே வண்டி திணறும்.
அங்க எப்படி ஏறினே?"

திட்டத்தான் போகிறேனா என்று
முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"சீட்ட விட்டு எந்திரிச்சு மிதிச்சேன்ப்பா"
என்று ஆரம்பித்தவள்
எழுந்து நின்றே காட்டினாள்.
நாலு ஞாயிறு பலாமரத்தோடு திரும்பியது,
குரங்கு ஒன்று கூடவே ஓடிவந்தது,
உச்சியில் கத்தவேண்டும்போல் இருந்தும்
யாரும் இல்லையே என்று பெல்லை அடித்தது.

அவள் அம்மா சோறு ஆறுகிறதென்று
இரண்டு தரம் கூப்பிட்டாள்.
"ஆறட்டும், நீயும் வந்து கேளு" என்றேன்.

எல்லாம் சொல்லி முடித்து
வறுவலில் கைவிட்டபடி கேட்டாள்:
"அந்தச் செயின் கவர மட்டும்
கட்டிக் குடுக்கீகளாப்பா?"
தார்ப்பாய்க் கயிறு எடுத்துவர
லாரிக்குப் போனேன்.