இருபத்தெட்டுக்குக் கீழே

காலை ஐந்தே முக்காலுக்கு
பகாவ் பால் நிலையத்தின் தகரக் கதவைத் தூக்குகிறேன்.
செம்பனை லோரிகள் இன்னும் கிளம்பவில்லை.
மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன் கட்டி
தோட்டத்து ஆட்கள் வரிசையில்.

கண்ணாடிக் குழாயில் பால்,
பாலில் மிதப்பான்.
இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டுக்குள் நின்றால்
கையெழுத்து, காசு.
அதற்கும் கீழே என்றால்
நான் முகத்தைப் பார்ப்பதில்லை.

கித்தாப் பாலுக்கும் இப்படியொன்று
கிராணி கையில் இருந்ததாம்.
எந்தப் பாலாக இருந்தால் என்ன,
மழைக்காலத்தில் சந்தேகம் கூடிவிடும்.

தண்ணீரை ஊற்றிவிட்டுச்
சீனி போட்டு எண்ணை ஏற்றுகிறவர்கள் உண்டு.
அதற்கு ஒரு புட்டி வைத்திருக்கிறேன்,
சூடாக்கினால் சிவக்கும்.
மாவு கலந்திருந்தால் அயோடின் ஒரு சொட்டு,
பால் நீலமாகிவிடும்.
இந்த மேசையில் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு நிறம்.

பூங்காவனத்தின் கேன் இருபத்து நான்கு.
"என் மாட்டு மேல சத்தியமா ஊத்தல.
மழைக்குப் புல்லே தண்ணியாத்தான் கெடக்கு."
கவிழ்த்தேன்.
கொஞ்ச தூரம் வெள்ளையாக ஓடியது சாக்கடை.

சர்வினுக்கு ஏழு வயது.
பிறக்கும்போதே மூத்திர வழியில் ஒரு சவ்வு.
வெட்டி எடுப்பதற்குள்
மேலே திரும்பிய நீர்
இரண்டு சிறுநீரகத்தையும் ஊறவைத்துவிட்டது.
பை தொளதொளத்துப் போயிற்று.
நிறைந்தாலும் அவனுக்குச் சொல்லாது,
முழுக்கக் காலியாகவும் செய்யாது.
நான்கு மணிக்கொரு தடவை குழாய் விட்டு
ஜாடியில் பிடித்து
நோட்டில் எழுத வேண்டும்.
பள்ளியில் பத்து மணிக்கு அவனே செய்துகொள்வான்,
கூட்டாளிகளிடம்
"கை கழுவப் போறேன்" என்று சொல்லிவிட்டு.

பால் அவனுக்கு ஆகாது,
எலும்பை அரிக்கும் ஏதோ உப்பு அதில்.
பால் சோதிக்கிறவள் மகன்
தே ஓ குடிக்கிறான்.

ஒருநாள் கேட்டான்:
"உங்க கண்ணாடிய என்னோடதுல போட்டுப் பாருங்கம்மா."
கோடு தேய்ந்ததென்று நிலையத்தில் ஒதுக்கிய ஒன்று
அலமாரியில் கிடந்தது.
போட்டேன்.
எண்களெல்லாம் முங்கி
நுனி மட்டும் தலை காட்டியது.
"அப்ப நானும் தண்ணி கலந்தவனா?"
அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
கெட்டியாக்கத் தெரியாத சிறுநீரகம் அவனுடையது,
குடித்ததை அப்படியே அனுப்பிவைக்கும்.
அதைச் சொல்லாமல்
மிதப்பானைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

போன மாதம் மூன்று இரவுகள்
இரண்டு மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
விடிந்ததும் எழுதினேன்:
210. 190. 205.
நம்பும்படி,
ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக் குறைய.
நான் கலந்தது தண்ணீர் இல்லை.

நான்காம் நாள் காய்ச்சல்.
ஜாடியில் அரிசி கழுவிய நீர்போல, நாற்றத்தோடு.
சிரம்பானில் டாக்டர் ஹஸ்னிசா நோட்டைப் புரட்டினார்.
"ராத்திரியும் தவறாமல் எடுத்திருக்கிறீர்கள்.
அப்படியும் இப்படி என்றால்
வயிற்றில் ஒரு வழி திறக்க வேண்டியிருக்கும்."
மலாயில் மெதுவாகத்தான் சொன்னார்.
அந்தத் தாளில் எந்தச் சொட்டு விட்டாலும்
நீலம் வந்திருக்காது.

மூன்று எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.
"இதெல்லாம் நான் போட்டது."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பேனாவால் மூன்றையும் அடித்தார்.
பிறகு, "எத்தனை மணிக்கு வேலைக்கு எழுவீர்கள்?"
இரவில் தானாகவே வடிய
கட்டிலோரம் தொங்கவிட ஒரு பை எழுதிக் கொடுத்தார்.
சர்வின் அதற்கு மீன் படம் ஒட்டியிருக்கிறான்.

நேற்றும் பூங்காவனம் வந்தாள்.
இருபத்தாறு.
கவிழ்க்கத்தான் செய்தேன்.
காலிக் கேனை நீட்டும்போது
முகத்தைப் பார்த்துக் கேட்டேன்,
எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று.
"மூணுக்கு.
ஏன், அதையும் கொறைக்கணுமா?"
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.