பக்கத்து ஊர் மின்சாரம்

இரவு பதினொன்றரைக்கு மேல்
தோட்டப்பாளையத்து லாட்ஜில்
சாவிப் பலகையும் நானும்தான்.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
என் நகரத்தைத் திறக்கிறேன்.

'சர்வருடன் இணைக்கிறது' என்கிறது.
இணைக்கட்டும்.
முப்பத்தாறு அறைக்கும் ஒரே வைஃபை.
இந்நேரம் ஒவ்வொரு போனுக்குள்ளிருந்தும்
வங்காளத்தில் யாரோ ஒருத்தி
சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.
அவர்கள் பேசி முடித்துப் படுத்தால்தான்
என் ஊரில் விடியும்.

நானே போட்ட ரோடு, நானே நட்ட தெருவிளக்கு.
ஆனாலும் உள்ளே நுழைய
எந்தத் தேசத்திலோ ஏசி அறையில் இருக்கும் பெட்டி
சரி என்று சொல்ல வேண்டும்.
போன மாதம் அது மயங்கி விழுந்து எழுந்தபோது
ஆறு மணி நேரத்தைக் காணோம்.
ஒரு பள்ளிக்கூடம் போயிற்று, இரண்டு பாலம் போயிற்று.
எரிந்து போன தெரு ஒன்று
எரியாமல் நின்றது.
அதை மட்டும் நான் புகாரில் எழுதவில்லை.

திறந்துவிட்டால் மட்டும்
அடடா, என்ன ஒரு சாமான் அது!
இழுத்த இழுப்புக்குச் சாலை வளையும்.
குழாயில் தண்ணீர் நீலப் புள்ளியாய் ஓடுவது தெரியும்,
சாக்கடைகூடப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும்.
கிரீன் சர்க்கிளை அப்படியே கட்டி
எட்டு விதமாய் இடித்துப் பார்த்தேன்.
எட்டிலும் ஆம்புலன்ஸ் நின்றது.

ஒருநாள் ஓர் ஆளைப் பின்தொடர்ந்தேன்.
பச்சைச் சட்டை.
காலையில் கிழக்குத் தெரு மூன்றாம் வீட்டிலிருந்து கிளம்பினான்.
எந்த ஆலையில் ஆள் குறைகிறதோ அங்கே வேலை.
மாலை திரும்புகையில்
முதலில் காலியாய்க் கிடந்த வீட்டுக்குள் போய்
விளக்கைப் போட்டான்.
அது அவன் வீடில்லை.
இப்படியாடா எழுதுவீர்கள் ஒரு மனுஷனை என்று
திட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.
காட்பாடியில் இறங்கிய குடும்பம்,
ஸ்கேன் பை, குக்கர், தூங்கும் பிள்ளை.
"ரூம் காலி ஹை?"
208-இன் சாவியைக் கொடுத்தேன்.
முந்தைய ஆள் காலி செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

307-இல் பிப்லப் இருந்தான், ராய்கஞ்ச்காரன்.
அவன் அப்பாவுக்குத் தொண்டையில்.
ஊரை 'பெலோர்' என்பான்.
தூக்கம் வராமல் கீழே வந்து
என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றவன்
மூன்றாம் நாள் லேப்டாப்போடு வந்தான்.
என் ஊருக்குப் பக்கத்து மனையில் அவன் ஊர்.
மனையோ கைக்குட்டை அளவு.
நாலு தெரு போட்டதும் எல்லை வந்துவிடும்,
அந்தப் பக்கம் காடு சும்மா கிடக்கும், தொட விடாது.
அதனால் பிரித்துக்கொண்டோம்:
குப்பை எனக்கு, அனல்மின் நிலையம் அவனுக்கு.
பாஷை தேவைப்படவில்லை,
மெகாவாட் போதுமாயிருந்தது,
நாற்பத்தோரு இரவுக்கு.

புதன்கிழமை ரயில்.
வீட்டிலிருந்து வருகிறேன் என்று
காற்றில் டைப் அடித்துக் காட்டினான்.
அவன் அப்பா முன்னமே ஆட்டோவில் ஏறி
பங்குனி வெயிலில்
மஃப்ளருக்குள் இருந்தார்.

அவன் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி.
ஊர் மட்டும் நிற்கிறது,
புகைபோக்கியின் புகையோடு சேர்த்து, அசையாமல்.
ஆனால் மின்சாரம் வருகிறது.
கடைசியாய்ச் சேமித்த கணக்குப்படி
ஒரு யூனிட் குறையாமல்.
மணிக்கு மணி என் பணம் போகிறது,
எடுக்க ஆளில்லாத கஜானாவுக்கு.
சொந்தமாய் ஒரு நிலையம் கட்டிக்கொள்ளலாம்.
காசிருக்கிறது. தென்மூலையில் இடமும் இருக்கிறது.
கட்டவில்லை.

307-இல் இப்போது தன்பாத்காரர்.
போன் அடித்து வைஃபை வரவில்லை என்கிறார்.
எனக்கும்தான்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மேனேஜர் குணாளன்
திரையை ஒரு பார்வை பார்த்தார்.
"இன்னாபா, விடிய விடிய ஓடுது,
கரண்ட் பில்லு யாரு கட்றது?"

"கட்டிக்கினுதான் சார் கீறேன்."