நான் என்று சொல்லும் வேலை

அகதி விசாரணைகளில் பதினேழு வருடம்
"நான்" என்று சொல்லிப் பிழைத்தவள்.
நான் ஓடினேன். என்னை அடித்தார்கள்.
யாருடைய முதுகோ, என் வாய்.
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
அது விதி.

ஜூலையில் ஜெனீவாவுக்குக் கூப்பிட்டார்கள்.
கூடலூருக்கு மேலேயிருந்து மாதி வந்திருந்தாள்,
பெட்டக்குறும்பர் பெண், ஓவியக்காரி.
வாசலில் ஸ்கேனர்க்காரன்
துணிச்சுருளைப் பிரிக்கச் சொன்னான்.
வேங்கைப் பிசினில் பதினொரு பெண்கள்.
கண்ணில்லை, மூக்கில்லை, வாய் மட்டும்.
ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்
தானே சுருட்டிக் கொடுத்தான்.

பேச மூன்று நிமிடம்.
மாதி பேசவில்லை.
போனை மைக்கோடு சேர்த்து வைத்தாள்.
அதிலிருந்து ஒருத்தி, பின்னால் சில்வண்டு இரைச்சல்.
மாதி என் காதில் தமிழில், நான் பிரெஞ்சில்:

எனக்குப் புலியைத் தெரியும், புலிக்கும் என்னைத் தெரியும்.
பலகை நட்டுப் போனவனைத்தான்
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் கெம்பி. கணக்கெடுக்க வந்தவன்
கோழியை எண்ணினான், அடுப்பை எண்ணினான்,
பிறகு என்னிடமே கேட்டான்,
வீட்டில் யாரும் இல்லையா?

மூன்றாமவள் சிரித்தாள்.
இருமலோடு நீளமாய், விட்டு விட்டு.
நான் காத்திருந்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் செத்தது.
தலைவர் அடுத்த பெயரை வாசித்தார்.
மாதி போனை அணைக்கவில்லை.
அதைக் கையில் ஏந்தி, நாலாமவள் பேசப் பேச,
அந்த நீள மண்டபத்தை மெதுவாக,
வேண்டுமென்றே மெதுவாகக் கடந்தாள்.

டிராமுக்கு நிற்கையில் கேட்டாள்,
"அக்கா, அந்தச் சிரிப்ப ஏன் விட்டுட்டீங்க?"
சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு எதற்கு என்றேன்.
"நீங்களும் சிரிச்சிருக்கலாம்ல."

கொஞ்சம் பொறுத்து,
"தமிழ்னா எங்களுக்கு ரேஞ்சர் ஆபீஸ் பாஷைக்கா."

தமிழுக்காக ஊரை விட்டவள் நான்.
தமிழுக்காகச் செத்த தம்பி
லொசான் வீட்டுச் சுவரில் இருக்கிறான்.
பதில் நுனிநாக்குவரை வந்து போயிற்று,
பதினைந்தாம் நம்பர் டிராமும் வந்து போயிற்று.

மிச்சப் பேரை அந்த பெஞ்சிலேயே கேட்டோம்.
கூட்டத்தின் தாளைத் திருப்பிப் பெயர்களை எழுதினேன்.
ஒன்பதாவதில் என் கையைப் பிடித்தாள்.
அது எ இல்லை. ஒ-வும் இல்லை.
நாக்கை உள்ளே வளைத்து நடுவில் எங்கோ
அந்தப் பெண் இருந்தாள்.
என் பன்னிரண்டு உயிரிலும் தேடினேன்,
அந்த உயிர் இல்லை.

தாளில் அவளுக்கு இடம் விட்டேன்.

"எழுத வேணாம். சொல்லுங்க."
சொன்னேன்.
"இல்ல. இன்னொருவாட்டி."