துண்டு எறிய முடியாத ஜன்னல்

சமாதானபுரத்து மாடியில் ராத்திரி பத்தரைக்கு
கைப்பேசிக்குள் விமானத்தை விரித்து வைத்திருந்தார்.
நாலு பேருக்கும் நாலு மூலை.
சேர்ந்து உட்கார ஆளுக்கு முந்நூற்றைம்பது கேட்டது.
"ஒன்றரை மணி நேரந்தான,
இதுக்குத் தெண்டம் அழணுமாக்கும்."
மூடிவிட்டார்.

திருச்செந்தூர் பஸ் என்றால்
நிற்கும் முன்னே ஜன்னல் வழி துண்டை எறிகிற மனிதர்.
மூணு சீட்டுக்கு ஒரு துண்டு,
நாலாவதுக்குச் செருப்பு.

வாகைக்குளத்தில் பனங்கிழங்குக் கட்டை
இரண்டு தடவை படம் பிடித்துப் பார்த்தார்கள்.
என்ன இது என்றாள் வடக்கத்திப் பெண்.
வேர், தின்கிற வேர் என்றேன்.
விட்டுவிட்டாள்.

மூன்றில் அவர். ஏழில் ரெக்சன். பதினொன்றில் நான்.
பதினாறில் பதின்மூன்று வயது ஷைனி.
பக்கத்துக் கண்ணாடிக்காரர்
இடம் மாறட்டுமா என்று பாதி எழுந்தார்.
"வேண்டாம் அங்கிள், நான் இங்கயே இருக்கேன்."
நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கீழே குளங்கள் ஒவ்வொன்றாய்
வெயிலைத் திருப்பி அனுப்பின.

பெல்ட் விளக்கு அணைந்ததும்
மூன்றிலிருந்து ஒரு தலை திரும்பியது,
என்னைத் தாண்டிப் பார்த்தது,
மறுபடியும் திரும்பியது.

கட்டை அவிழ்த்தேன்.
முன்னே இரண்டு, பின்னே ஒன்று,
தெரியாத கைகள் மேல் ஏறிப் போயின.
ஒன்பதாம் வரிசைக்காரர் முகர்ந்து பார்த்து
"உடன்குடிப் பக்கமா?" என்றார்.
அவருக்கும் ஒன்று.

பின்னாலிருந்து
பீலியும் நாரும் மட்டும் பொட்டலமாய் வந்தன.
காகிதத்தின் ஓரத்தில் அவள் எழுத்து:
இன்னொண்ணு.